உப்பு வணிகன் முதல் விடால் ஊரார் வரை

அறக்கொடை என்றதும் அரசர் வரிநீக்கி அளித்த பள்ளிச்சந்த நிலங்களே பலருக்கும் நினைவில் எழும். அவை பெருமைக்குரியனவே. ஆயினும் தமிழகத்துச் சமணப் பள்ளிகள் அரசரின் கொடையால் மட்டுமே வாழ்ந்தன என்று கொள்வதற்கில்லை.

மதுரைக்கு வடக்கே அழகர்மலையில் இயற்கைக் குகைத்தளம் ஒன்று உளது. அங்குள்ள கற்படுக்கைகளையொட்டித் தமிழி எழுத்தில் பெயர்கள் பல வெட்டப்பட்டுள்ளன. அவற்றின் காலத்தைக் கி.மு. முதல் நூற்றாண்டளவில் வைத்து எண்ணுவர் அறிஞர். அப்பெயர்களுக்கு உரியோர் யாவர்? உப்பு விற்பவன் ஒருவன், பணிதம் என்னும் வெல்லம் விற்பவன் ஒருவன், ஏர்முனையில் பொருத்தும் கொழு விற்பவன் ஒருவன், பொற்கொல்லன் ஒருவன். அன்றாடம் சந்தையில் நின்று பொருளீட்டியோர் இவர்கள். வீடு துறந்த முனிவர், மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்கியாக வேண்டும். அவர்க்கு வேண்டிய இடத்தை ஒருவனே முழுதும் அமைத்துத் தரவில்லை. பலர் கூடி அமைத்தனர். உப்பு வணிகனின் பெயரும் பொற்கொல்லனின் பெயரும் ஒரே பாறையில் நிற்பது எண்ணி மகிழத்தக்கது.

இதனினும் அரியது வந்தவாசிப் பகுதியிலுள்ள விடால் கல்வெட்டு. முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்ததாக, அஃதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியினதாக, அது கருதப்படுகிறது. குணகீர்த்தி படாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியார் அங்குப் பெண்களுக்குக் கல்வி புகட்டி வந்தார். 500 மாணாக்கர் ஒருபுறமும் 400 பெண்டிர் மறுபுறமுமாகப் பிணக்கு நேர்ந்தது. அதன் காரணத்தைக் கல்வெட்டு விரித்துரைக்கவில்லை. பழம்பகையை நெடுநாள் நினைவில் நிறுத்தாதது ஒருவகையில் நன்றே. பிணக்கின் நடுவே பெண்டிர்தம் உணவுக்கும் பாதுகாப்புக்கும் இடையூறு நேர இருந்தது. அந்நிலையில் குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவர்பால் பற்றுக்கொண்ட உள்ளூர் மக்கள் தாமே ஏற்று, கல்லிலும் பொறித்து வைத்தனர்.

உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நம் ஆன்றோர் வகுத்த நால்வகைத் தானத்துள் மூன்று இவ்வொரு செயலில் அடங்குகின்றன. பசித்தோர்க்கு உணவு சென்றது. அஞ்சியோர்க்கு அபயம் கிடைத்தது. கற்பது நின்றுவிடாமல் தொடர்ந்தது. அரசனின் ஆட்சியாண்டு காலக்குறிப்பாகவே அக்கல்வெட்டில் நிற்கிறது. காத்தூட்டும் கடன் ஊராருடையது.

அக்கல்வெட்டுள்ள பாறையைப் பிற்காலத்தார் ஆண்டார் மடம் என வழங்கினர்.