விற்க முடியாதவற்றின் வரலாறு

ரோமானிய 'வில்லா' என்றதும் சுவரோவியங்களும் மொசைக் தரைகளும் நிறைந்த செல்வர் மாளிகையே நம் நினைவில் எழுகிறது. ஆயினும் நாட்டுப்புற வில்லா அடிப்படையில் ஒரு வேளாண் பண்ணை. உரிமையாளர் தங்கும் பகுதியை ஒட்டியே திராட்சை பிழியுமிடம், களஞ்சியம், தொழுவம், அடிமைகளின் உறைவிடம் ஆகியவை அமைந்திருந்தன. இவற்றுள் எதைக் காக்கத் தக்கதாகக் கருதுகிறோம் என்பதே மரபுடைமைக் காப்பின் முதன்மை வினா.

பொ.ஆ. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பண்ணைகளுள் ஒன்று, பொஸ்கோரியாலேயின் பிசனெல்லா வில்லா. அங்கு 1895இல் தனியார் அகழ்வில் கிடைத்த வெள்ளிக் கலங்கள் இத்தாலியை விட்டு வெளியேறின. அவற்றுள் 109 பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தை அடைந்தன. பண்ணையோ மீண்டும் மண்ணால் மூடப்பட்டது. பொருளுக்கு விலை இருந்தது. அது கிடைத்த இடத்துக்கு இல்லை. அகழ்வையும் ஏற்றுமதியையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த விரிவான சட்டத்தை இத்தாலி 1909இல் இயற்றியது.

சட்டத்தால் மட்டும் திருட்டு ஓயவில்லை. பொம்பெயி நகர மதிலுக்கு வடமேற்கே சுமார் 700 மீட்டர் தொலைவிலுள்ள சிவிதா ஜூலியானா வில்லாவில், கொள்ளையர் நிலத்தடியில் சுரங்கங்கள் தோண்டியிருந்தனர். அதைத் தடுக்கவே 2017இல் முறையான அகழாய்வு தொடங்கிற்று. 2021 நவம்பரில், 16 சதுர மீட்டர் பரப்புள்ள ஓர் அறை வெளிப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. உள்ளே மூன்று கட்டில்கள், இரண்டு 1.70 மீட்டர் நீளம், ஒன்று 1.40 மட்டுமே. சிறியது குழந்தையுடையதாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து. மூலையில் ஆம்போரா சாடிகள். சுவரின் உயரத்தில் ஒரு சிறு சாளரம். அது அடிமைகளின் அறை.

அக்கட்டில்களின் மரமும் கயிறும் என்றோ மக்கிவிட்டன. இறுகிய சாம்பலில் அவை விட்டுச்சென்ற வெற்றிடத்தில் சாந்து ஊற்றியே அவற்றின் வடிவம் மீட்கப்பட்டது. கேட்டோ, வார்ரோ, கொலுமெல்லா ஆகிய மூவரும் வேளாண் நூல்கள் யாத்தனர். மூவரும் உரிமையாளரின் நிலையில் நின்றே எழுதினர். பண்ணையில் உழைத்தோர் எவ்வாறு உறங்கினர் என்பதற்கு இவ்வெற்றிடம் நேரடிச் சான்று. இதனை விற்க முடியாது. ஆதலால் கொள்ளையன் இதனைத் தேடுவதுமில்லை. ஆயினும் அவனது சுரங்கம் இவ்வழியே சென்றிருந்தால், ஒரு நொடியில் இது சிதைந்திருக்கும். இழந்ததையும் நாம் அறிந்திருக்க மாட்டோம். களவுபோன ஓவியம் என்றேனும் மீளலாம். சிதைந்த வெற்றிடம் மீளாது.

ஆகவே, அருங்காட்சியகத்தில் ஓர் அரும்பொருளின் முன் நிற்கும் மாணவர், 'இது எங்கே கிடைத்தது?' என்பதோடு, 'இதை எடுத்தபோது எது அழிந்தது?' என்றும் கேட்டல் வேண்டும்.