குழிமாற்றும் ஏற்காட்டுச் சரிவும்

திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் நிலப்பரப்பைக் கணக்கிடவே ‘குழிமாற்று’ என்னும் வாய்பாட்டை மனப்பாடம் செய்தார்கள். ஐயைந்து இருபத்தைந்து, ஐந்து கோல் சதுரம் 25 குழி. தஞ்சைப் பகுதியில் கோல் 12 அடி, குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. அந்த வாய்பாடு தெரிந்த பையனின் தகப்பனை நில விஷயத்தில் ஏமாற்றுவது எளிதன்று!

அதே கோலோடு ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு வாருங்கள். சரிவின் நீளம் 5 கோல், அகலம் 5 கோல். 25 குழி என்பீர்கள். ஆனால் மேல்முனை 3 கோல் உயரத்தில் இருந்தால், கிடைமட்ட நீளம் 4 கோல்தான். நில அளவையில் பதிவாவது 20 குழியே. வரைபடத்தில் நிலங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமல்லவா? 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்த லாம்ப்டனும் இவ்வாறே சரிவைக் கழித்தார்.

களையெடுப்பவர்களுக்கு மட்டும் 25 குழி வேலை.