மூலையில் குந்திய முதியோனும் சப்பிரகமுவத் தோட்டத்து வாசகரும்

தமிழ் நாவலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் துப்பறியும் கதைகளை ஒரு பந்தியிற் கூறி அப்பாற் செல்வது வழக்கம். அப்பந்தியிலும் பாராட்டு இராது. பொழுதுபோக்கு, தழுவல், மலினச் சுவை என்னும் சொற்களுள் ஒன்றேனும் இருக்கும். மலையக இலக்கிய வரலாறோ நாட்டார் பாடலில் தொடங்கி, சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்களின் வழியே நகர்வது. ஆயினும் மலையகத் தமிழ்ப் புனைகதையின் தலைவாயிலில் நிற்பது ஒரு துப்பறியும் கதை என்பது பலர் மனங்கொள்ளாத செய்தியாகும். கோ. நடேசய்யர் 1924இல் எழுதிய 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்' என்பதே அது.

தலைப்பின் முற்பாதி, ஆங்கிலத்தில் ஓர்க்சி சீமாட்டி எழுதிய கதைத்தொகுதியின் தலைப்பை அப்படியே நினைவூட்டுவது. 1901 முதல் இலண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்த அக்கதைகளின் நாயகன் ஒரு விசித்திரப் பேர்வழி. தேநீர்ச் சாலையொன்றின் மூலையில் அமர்ந்து, கையிலுள்ள நூற்கயிற்றில் முடிச்சுக்களை இடுவதும் அவிழ்ப்பதுமாக, பொலிசார் கைவிட்ட குற்றங்களின் மருமத்தை ஓர் இளம் பெண் பத்திரிகையாளருக்கு விடுவித்துக் காட்டுவான். குற்றவாளியைச் சட்டத்தின் கையில் ஒப்படைக்கும் எண்ணம் அவனுக்குச் சிறிதும் இல்லை. பொலிசாரின் அறிவைப் பழிப்பதிலேயே அவனுக்கு இன்பம். இறுதிக் கதையில் அவனே கொலையாளியாயிருக்கக்கூடும் என்ற ஐயம் அப்பெண்ணுக்கு எழ, அவன் மறைந்துபோகிறான். பெருநகரின் நடுவே நிகழும் இக்கதைகளில் வாசகர்க்குரிய இடம் அப்பெண்ணின் இடமே. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு, ஐயுற்று, மறுத்து, ஈற்றில் வியப்பதே அவற்றின் அமைப்பு.

பெருநகர் மருமக் கதையின் குலமுறை சற்று நீண்டது. 1842-43 காலப்பகுதியில் யூஜீன் சூ பாரிஸ் நாளேடொன்றில் தொடராக எழுதிய 'பாரிஸ் மருமங்கள்' அதன் மூலம். அத்தொடரைப் படித்தோரும், எழுத்தறியாமையால் பிறர் வாசிக்கக் கேட்டோரும் நகரெங்கும் அதனையே பேசினர். ஆசிரியருக்கு வந்த நூற்றுக்கணக்கான கடிதங்கள் இன்றும் பேணப்பட்டுள்ளன. கதைமாந்தரின் கதி குறித்துக் கெஞ்சியோரும், தம் வறுமையைக் கூறி உதவி வேண்டியோரும், சட்டச் சீர்திருத்தம் பற்றி வாதிட்டோரும் அவர்களுள் இருந்தனர். 1844 முதல் றெயினால்ட்ஸ் அம்மாதிரியை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். அவருடைய நாவல்கள் தமிழ்நாட்டிற் பெற்ற செல்வாக்கு வியப்புக்குரியது. தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளே அவருடைய நாவலொன்றைத் தழுவி 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி'யை இயற்றினார் என்றால் வேறு கூறவேண்டுவதில்லை. ஆரணி குப்புசாமி முதலியார் அவ்வாறு தழுவியவற்றுள் ஒன்று 'இரத்தினபுரி இரகசியம்'. அப்பெயருக்கும் சப்பிரகமுவத்து இரத்தினபுரிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் மாணிக்கக் கற்களுக்குப் பேர்போன அந்நகரின் பெயரோடு ஒத்த தலைப்பு அங்குள்ள தமிழரின் கண்ணிற் பட்டிருப்பின் ஒரு கணம் திகைத்திருப்பர்.

நடேசய்யரின் முயற்சி இக்குலத்தைச் சேர்ந்ததாயினும், அது தோன்றிய சூழல் வேறானது. தஞ்சாவூரிலிருந்து வந்த இவர், தோட்டங்களுக்குள் வேற்றார் நுழைவது அத்துமீறிய பிரவேசமாகக் கருதப்பட்ட காலத்தில், புடவை வியாபாரியைப் போல உட்புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தவர் என அவருடைய வரலாறு கூறும். மாறுவேடம் பூண்டு உண்மை தேடல் துப்பறிவோனின் தொழில். அதனை ஏட்டில் எழுதுமுன்னரே அவர் நடத்திக் காட்டிவிட்டார். மறுபுறம், தோட்டத்துரைமாரின் முறைப்பாடுகளின் பேரில் குடியேற்ற நாட்டுப் பொலிசார் அவருடைய நடமாட்டத்தைக் கண்காணித்து அறிக்கை எழுதினர். உளவறியப்பட்டவரே துப்பறியும் திறம் பற்றி எழுதினார். பொலிசாரை ஏளனஞ்செய்யும் ஒரு முதியவன் அவருடைய கண்ணைக் கவர்ந்தமை தற்செயலானதெனக் கொள்வதற்கில்லை. அதே 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கிய அவர், 1925இல் சட்டசபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தெரிவானார்.

சப்பிரகமுவ இவ்வரலாற்றில் ஒதுங்கிய மூலையாகவே கணிக்கப்பட்டு வந்துள்ளது. அட்டன், தலவாக்கலைப் பகுதிகளைப்போல மலைமுழுதும் தமிழே ஒலிக்கும் நிலம் அன்று அது. கேகாலையில் இறப்பரும், இரத்தினபுரியில் இறப்பரும் தேயிலையும் பயிராகும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை முதலிய ஊர்களை அண்டிய லயங்களில், அடுத்த தோட்டத்துச் செய்தியே அயல்நாட்டுச் செய்தி போல்வது. கொழும்பிலிருந்து புறப்பட்ட களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதைப் புகையிரதம் 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. தோட்டத்துப் பண்டங்கள் இறங்கிய அப்பாதையே அச்சிட்ட தமிழ் ஏறிவரும் பாதையுமாயிற்று.

அவ்வச்சு தனி வாசகரைத் தேடி வரவில்லை. தோட்டப் பாடசாலைகள் மிகக் குறைந்திருந்த அக்காலத்தில் எழுத்தறிந்தோர் சிலரே. பெரிய எழுத்து அல்லியரசாணி மாலையை ஒருவர் இராகத்தோடு வாசிக்கக் காம்பரா வாசலிற் கூடிக் கேட்கும் மரபே பத்திரிகைக்கும் தொடர்கதைக்கும் உரியதாயிற்று. இத்தகைய கேள்விமரபில் கதை பற்றிய அபிப்பிராயம் கதை முடியுமுன்னரே பிறந்துவிடும். யார் கொன்றான் என்னும் வினாவுக்குக் கேட்போர் தத்தம் விடையைக் கூறுவர். அது விமரிசனம் அன்று என்று எவர் கூற இயலும்? பிரெஞ்சு வாசகர் கடிதமாக எழுதியதை இவர்கள் வாய்மொழியாகக் கூறினர். அச்சேறியவை விமரிசகரின் அபிப்பிராயங்கள் மட்டுமே.

அவையும் ஒருமுகமானவை அல்ல. 1930களில் தழுவலை இலக்கியத் திருட்டெனச் சாடினார் புதுமைப்பித்தன். 1950களிலும் 1960களிலும் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர், தமிழகத்து வணிகச் சஞ்சிகைகள் இங்குள்ள வாழ்வை மறைக்கின்றன என்று வாதிட்டனர். அவ்வாதம் பெரிதும் நியாயமானதே. தமிழ்வாணனின் சங்கர்லால் உலகநகரங்களுக்கெல்லாம் பறந்து குற்றவாளிகளைப் பிடிப்பான். சிந்திக்க வேண்டும்போதெல்லாம் தேநீர் அருந்துவான். அத்தேயிலையைக் கொய்த கைகளைப் பற்றி அக்கதைகளில் ஒரு சொல்லும் இல்லை. ஓர்க்சியின் முதியவன் அமர்ந்த தேநீர்ச் சாலைக்கும் இது பொருந்தும்.

எனினும், வாசகன் எதனை நாடி இக்கதைகளிடம் வந்தான் என்பதை அவ்வாதம் கேட்கவில்லை. தோட்டத் தொழிலாளி துப்பறியும் கதையிற் காணும் பொலிசும் நீதிமன்றும் பிடிவிறாந்தும் அவனுக்குப் புதியனவல்ல. கடன்பட்டுத் தோட்டத்தை விட்டோடியவனைத் தேடி விறாந்து வந்த காலத்தை அவனுடைய தந்தை அறிவான். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டுமுறையை ஒழித்தது. ஆயினும் 1946இல், கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர்த் தோட்டத்தில், தாம் பிறந்த லயத்தை விட்டு வெளியேற மறுத்த தொழிலாளர்மீது அத்துமீறிய பிரவேச வழக்கே தொடரப்பட்டது. நிரபராதியின்மீது விழுந்த ஐயம் கடைசி அத்தியாயத்தில் நீங்கும் கதையை இத்தகையோர் விரும்பிக் கேட்டனர் என்றால், அதனை வெறும் தப்பியோடலென்று ஒதுக்குவது அவசரத் தீர்ப்பாகும்.

1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, எழுத்தாளருட் பலர் அதனை உள்நாட்டு இலக்கியத்தின் விடுதலையென வரவேற்றனர். வீரகேசரிப் பிரசுரங்கள் போன்றவை அவ்விடைவெளியில் வளர்ந்தன என்பதும் உண்மை. அதே நிறுவனத்தின் 'மித்திரன்' நாளேட்டுத் திகில் தொடர்கள் சங்கர்லாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் உண்மையே. 1976இல் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட புகையிரதப் பாதை மூடப்பட்டது. பத்திரிகைக் கட்டு பஸ்ஸின் கூரையில் இரத்தினபுரிக்கு வரலாயிற்று. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டுத் தமிழர் இடம்பெயர்ந்தனர். அங்கு யார் செய்தார் என்னும் மருமம் எதுவும் இருக்கவில்லை. நடேசய்யரின் எழுத்துலகை விரிவாக வெளிக்கொணர்ந்த சாரல்நாடனின் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' அதற்கு ஏழாண்டுகளின் பின், 1988இல் வெளிவந்தது.