வாக்கும் விலையும்: தென்தமிழக வேட்டைநாய்க் குட்டிகள் கைமாறிய வரலாறு

சென்ற ஆண்டு தமிழாசிரியர் ஒருவர், தமிழகத்தில் வாழும் தம் உறவினர் இராசபாளையம் நாய்க்குட்டி ஒன்றை விலைக்கு வாங்க விரும்புவதாகவும், எத்தகையோரிடம் வாங்குவது தக்கது என்பதற்கு நூல்வழிச் சான்று ஏதேனும் உண்டா என்றும் நம்மை வினவினார். நாம் கால்நடை மருத்துவம் கற்றவர் அல்லோம். எனினும் 'விலைக்கு வாங்குதல்' என்று அவர் கூறிய தொடர் நம் கருத்தை ஈர்த்தது. தென்தமிழக வேட்டைநாய் இனங்களுள் கன்னி போன்றவை, மரபுவழி வளர்ப்போரிடையே நெடுங்காலம் விலைப்பொருளாகக் கருதப்படவில்லை. அவற்றின் குட்டிகள் வாக்குப் பெற்றுக்கொண்டு கொடுக்கப்பட்டவை. வாக்கின் இடத்தை விலை பற்றிக்கொண்டது எவ்வாறு, அதனால் நாய்க்கு நேர்ந்தது யாது என்பனவே இங்கு நாம் ஆராய முற்படுவன.

சொல்லிலிருந்து தொடங்குவது பொருந்தும். தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கன் இளமைக்கும் 'குருளை' என்னும் பெயரை உரியதாக்குகிறது. வேட்டையாடும் நாய்க்கும் வேட்டையாடப்படும் முயலுக்கும் பன்றிக்கும் இளமைப் பெயர் ஒன்றாக இருப்பது வகுப்பறையில் மாணவர்க்குச் சுட்டிக்காட்டத்தக்கது. நாயின் பெண்ணுக்குப் 'பிணவு' என்னும் பெயரையும் அந்நூல் வகுத்துள்ளது. பெண் நாய்க்கு இலக்கணம் தனிப்பெயர் தந்தது என்னும் செய்தியை இங்கே நினைவிற் கொள்ள வேண்டுகிறோம். பெண்குட்டியின் நிலை பின்னர் வேறுவகையில் நம் ஆய்வில் இடம்பெறும்.

குறிஞ்சிப்பாட்டில் தலைவன் வேட்டைநாய்களுடன் தோன்றுகிறான். அவற்றைக் கண்டு தலைவியும் தோழியும் அஞ்சுகின்றனர். பட்டினப்பாலையில் ஞமலி ஆட்டுக்கடாவுடன் முன்றிலில் துள்ளி விளையாடுகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல், கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர் சுட்டிப் போற்றுகிறது. கோவிவன் வேட்டைநாய் அன்று. எருமை காத்த வீரனுடன் நின்ற காவல்நாய். ஆயினும் ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குப் பெயரும் கல்லும் கிடைத்தன என்பது, நாயை உடைமையாக மட்டும் கருதாத மனநிலைக்குச் சான்றாகும்.

இன்று பேசப்படும் இனங்களை நோக்குவோம். விருதுநகர் மாவட்டத்து இராசபாளையம், சிப்பிப்பாறை ஆகிய ஊர்களும், தேனி மாவட்டத்துக் கோம்பையும் தத்தம் பெயரை நாய்களுக்கு அளித்துள்ளன. இராசபாளையம் வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்றது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியான உடலும் நீண்ட காலும் கொண்டு, வெட்டவெளியில் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிப்பவை. கன்னி என்பது தனி இனமா, சிப்பிப்பாறையின் கருநிற வகையா என்பதில் வளர்ப்போரிடையே இன்றும் பூசல் உண்டு. பாளையக்காரர் போரில் (1799-1802) இராசபாளைய நாய்கள் ஆங்கிலேயரின் குதிரை இலாயங்களைத் தாக்கின என்னும் செய்தி பலராலும் எடுத்தாளப்படுகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் வழிமொழியும் முறையிலேயே அது பரவியுள்ளமையால், அதனைச் சான்றாகக் கொள்ள நாம் தயங்குகிறோம்.

கன்னி நாயைப் பற்றிய வழக்காறே நம் ஆய்வுக்கு உயிரானது. மணப்பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கப்பட்டமையால் அதற்கு இப்பெயர் வந்தது என்பர். பெயருக்குப் பின்னர் கற்பிக்கப்பட்ட விளக்கமாகவும் அது இருக்கலாம். அதனினும் உறுதியாகப் பேசப்படுவது கொடுக்கும் முறை. குட்டியை விற்பதில்லை, நன்கு பேணுவதாக வாக்களிப்பவர்க்கே கொடுப்பர். பெண்குட்டியை வெளியார்க்குக் கொடுப்பது அரிது. கொடுத்தால், கன்னி இனத்துக் கடுவனோடு அன்றி வேறெதனோடும் இணைசேர்ப்பதில்லை என்னும் வாக்கையும் பெறுவர்.

இம்முறையை வெறும் பெருந்தன்மை எனக் கொள்ளுதல் பிழையாகும். இது எழுத்தில்லாத ஓர் இனப்பெருக்க ஒப்பந்தம். குட்டி சென்ற வீடு கொடுத்தவர்க்குத் தெரியும். பெரும்பாலும் உறவின்முறைக்குள்ளோ நடந்து சென்று திரும்பும் தொலைவிலோ இருக்கும். அக்குட்டி வளர்ந்து முயலைப் பிடித்ததா, பாதி வழியில் நின்றதா என்பதும் அடுத்த திருவிழாவுக்குள் செவிக்கு எட்டிவிடும். எந்தக் கடுவனுக்கும் எந்தப் பெட்டைக்கும் பிறந்தது என்னும் வழிமரபு, குடும்பத்துப் பெரியோரின் நினைவில் காக்கப்பட்டது. வாக்கை மீறியவர்க்கு அடுத்த ஈற்றில் குட்டி கிடையாது. தண்டனை அவ்வளவே, ஆனால் அது போதுமானதாக இருந்தது.

இதற்கு ஒப்புமையை இங்கிலாந்திலும் காண்கிறோம். இன்று உலகெங்கும் அறியப்படும் இலாப்ரடோர் நாயின் வரலாற்றில், 1880களில் மாம்ஸ்பரி பிரபு தம் நாய்களை பக்ளூ கோமகன் குடும்பத்துக்கு அளித்தமை பெரும் திருப்பமாகக் கருதப்படுகிறது. நெட், ஏவன் என்னும் அவ்விரு நாய்களும் விலைக்குச் செல்லவில்லை. வேட்டைக் குடும்பம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொடையாகச் சென்றன. வேறுபாடு ஒன்றே. அங்கே 1873இல் கென்னல் கிளப் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டே வழிமரபுப் பதிவேடு அச்சேறியது. கொடை விற்பனையாக மாறிய காலத்தில், குடும்பத்தின் நினைவுக்கு மாற்றாக ஏடு ஆயத்தமாக இருந்தது. தென்தமிழகத்திலோ விலை முந்தியது, ஏடு பிந்தியது. இடர்ப்பாட்டின் வேர் இதுவே என்பது நம் துணிபு.

இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் நிறைவேறியது. அச்சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் வேட்டையை மெல்ல மெல்லக் குற்றமாக்கின. காட்டுயிர்களின் நலன் கருதி அது வேண்டப்பட்டதே. ஆயின் வேட்டைநாய்க்கு அதுவரை இருந்த ஒரே தேர்வு வேட்டைக்களமாகும். அது மூடப்பட்டதும், நாய் காவலுக்கும் கண்காட்சிக்கும் பெருமைக்கும் உரியதாயிற்று. தமிழ்நாடு அரசு சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை நடத்திக் குட்டிகளை விற்றது. அங்கிருந்த நிலைமைகள் குறித்த வழக்கில் அதனை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் ஆணையிட்டது. 2005இல் இராசபாளையம் நாய் அஞ்சல் தலையில் இடம்பெற்றது. 2020 ஆகத்து மாத வானொலி உரையில் இந்தியப் பிரதமர் இந்நாய்களைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தபின், குட்டிகளுக்கான வேட்பு மிகுந்தது. புகழ் பெருகும்போதெல்லாம் இடைத்தரகரும் பெருகுவர்.

இவ்விடத்தில் இராசபாளையத்தின் வெண்மையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. வாங்குவோர் மாசற்ற வெண்மையையும் இளஞ்சிவப்பு மூக்கையும் தூய்மையின் அடையாளமாகக் கேட்கின்றனர். நிறமிக் குறைவு உட்செவியையும் பாதிக்கக்கூடும் என்பதும், அதனால் இவ்வினத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுகிறது என்பதும் அறியப்பட்ட உண்மைகள். நாய்க்குட்டியின் செவித்துளை பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் திறக்கும். செவிப்புலன் உண்டா என்பதை உறுதியாக அறிய ஐந்து, ஆறு வாரங்களேனும் வேண்டும். நான்கு வாரக் குட்டியைச் சந்தையில் விற்பவர், குட்டியை மட்டுமன்றித் தாம் அறிய விரும்பாத ஓர் ஐயத்தையும் சேர்த்தே விற்கிறார். பிணைப்பின்றிப் பணம் கொடுத்தவர்க்குப் பின்னர் முறையிட வீடு ஏதும் இல்லை.

ஆயினும் பழைய முறையைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாற்று நேர்மை ஆகாது. வெளியே கொடுக்க விரும்பாத பெண்குட்டிகளைத் தாமே வைத்துக்கொள்வர், அன்றேல் கொன்றுவிடுவர் என்பதும் அதே வழக்காற்றின் பகுதி. செவிடான குட்டிகளும் இவ்வாறே மறைந்தன. வாக்குப் பெற்றவர் கண்டது எஞ்சிய குட்டியை மட்டுமே. இனத்தூய்மையைக் காத்த கையும் பிணவைக் கொன்ற கையும் ஒன்றே என்பதை, நாட்டு நாய் மீட்சி பற்றி உணர்ச்சியுடன் எழுதுவோர் பலர் சொல்வதில்லை. அவர்களுக்கிடையே தியடோர் பாஸ்கரன் 2017இல் வெளியிட்ட இந்திய நாய்கள் பற்றிய ஆங்கில நூல், தமிழாசிரியர் நூலகத்தில் இருக்கத்தக்கது.

அதே 2017இல் இந்திய அரசு நாய் இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றுக்கான விதிகளை வெளியிட்டது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பதினெட்டு மாதம் நிரம்பாத பெட்டையை இணைசேர்த்தல் கூடாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றல் கூடாது. இவற்றை வாசித்தபோது, வாக்கில் இருந்தவற்றுள் சில சட்டத்தின் மொழியில் திரும்பி வந்திருப்பதாகவே நமக்குத் தோன்றியது. எட்டு வாரம் என்னும் வரையறை, செவிப்புலனை அறிதற்கும் காலம் தருகிறது. 2020ஆம் ஆண்டளவில் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் இராசபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனங்களாகப் பதிவு செய்தது. 2024இல் தமிழ்நாடு அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பிந்தியேனும் ஏடு வந்து சேர்ந்துள்ளது. அவ்வேட்டில் எழுதுவதற்குரிய வழிமரபுச் செய்தியோ, சிற்றூர்களில் முதுமையடைந்துவரும் சிலருடைய நினைவிலேயே இன்னும் இருக்கிறது.

நம்மை வினவிய ஆசிரியர்க்கு நாம் எழுதிய விடை சுருக்கமானது. தலைமுறையாக வளர்க்கும் குடும்பத்தை நேரில் நாடிச் செல்க. தாய்நாயைக் காட்டச் சொல்க. காட்ட மறுப்பவரிடம் வாங்கற்க. குட்டியின் பின்னே நின்று கைதட்டிப் பார்க்க. அந்த ஈற்றில் எத்தனை குட்டிகள் பிறந்தன, மற்றவை எங்கே எனத் தவறாது கேட்க. நீவிர் யார், எங்கே வைத்து வளர்ப்பீர் என அவர் உம்மையே எதிர்வினா எழுப்புவாராயின் சினம் கொள்ளற்க.

இரு திங்கள் கழித்து அவரிடமிருந்து மறுமொழி வந்தது. உறவினர் மூன்று முறை சென்ற பின்னரே அவ்வீட்டார் குட்டியைத் தந்தனராம். பணத்தைப் பெற்றுக்கொண்ட முதியவர், ஆண்டுக்கு ஒருமுறை நாயை அழைத்து வந்து காட்ட வேண்டும் என்று கேட்டாராம். குட்டி, பெண்.