குதிரையின் மூதாதை

குதிரையின் காலைச் சற்று உற்று நோக்குங்கள். ஆடு மாடுகளின் குளம்பு பிளவுபட்டிருக்கும். குதிரைக்கோ ஒற்றைக் குளம்பு. அஃதாவது, ஒவ்வொரு காலிலும் ஒரே விரலின் நுனியை ஊன்றி அது ஓடுகின்றது. ஏனைய விரல்கள் எங்கே போயின? இவ்வினாவிற்குரிய விடை பாறைகளுக்குள் புதைந்து கிடந்தது.

1876-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆத்னியல் மார்ஷ், கல்லாய்ச் சமைந்த சில எலும்புகளை ஆராய்ந்து, அவற்றிற்குரிய விலங்கிற்கு 'இயோஹிப்பஸ்' என்று பெயர் சூட்டினார். 'விடியற்காலக் குதிரை' என்பது அதன் பொருள். 5 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வட அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்த அவ்விலங்கு ஒரு நரியின் அளவே இருந்தது. முன்கால்களில் நான்கு விரல்கள், பின்கால்களில் மூன்று. பற்கள் குட்டையானவை, இலையும் தளிருமே அதன் உணவு. மென்மையான காட்டு நிலத்தில் நடக்க விரிந்த பாதமே ஏற்றதாயிருந்தது.

காலப்போக்கில் தட்பவெப்பம் மாறியது. காடுகள் சுருங்க, புல்வெளிகள் பரந்தன. புல் எளிய உணவன்று. அதிலுள்ள சிலிக்கா என்னும் மணற்பொருளும், அதன்மேற் படியும் புழுதியும் பல்லைத் தேய்த்துவிடும். ஆகவே நெடிய பற்களை உடையனவே நெடுநாள் வாழ்ந்து பெருகின. மறைவதற்கு மரமில்லாத வெளியில் விரைந்தோடும் காலே காவல். தலைமுறை தலைமுறையாக நடுவிரல் வலுத்தது. பக்க விரல்கள் சிறுத்தன. இன்றைய குதிரையின் காலில் தோலுக்கடியில் ஒட்டியுள்ள இரு மெல்லிய எலும்புகள் அவற்றின் எச்சமே.

ஆயினும் இவ்வரலாற்றை நேரான ஏணியெனக் கருதுதல் கூடாது. இது பல கிளைகள் விட்ட மரம். நம் நாட்டுச் சிவாலிக் மலைப் பாறைகளிற் கிடைத்த ஹிப்பாரியன் இனத்து மூவிரற் குதிரைகள், பட்டுப்போன கிளைகளுள் ஒன்று. குதிரை, கழுதை, வரிக்குதிரை ஆகியவற்றைத் தாங்கும் ஒரு கிளையே இன்று எஞ்சியுள்ளது.

அக்கிளை பிழைத்ததும் அரிதே. பிறந்த மண்ணாகிய அமெரிக்காவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்னர்க் குதிரையினம் அற்றுப்போயிற்று. தட்பவெப்ப மாறுதலும் மனிதரின் வேட்டையும் அதற்குக் காரணமெனக் கருதுவர். பனியூழிகளிற் கடல்மட்டம் தாழ்ந்தபோது, பெரிங் நிலப்பாலத்தின் வழியே ஆசியாவிற்குள் புகுந்தவற்றின் வழித்தோன்றல்களே இனத்தைக் காத்தன. அவை வாராதிருந்தால் தேரும் இல்லை, குதிரைப்படையும் இல்லை. மனித வரலாறே வேறாகியிருக்கும்.

1519-இல் ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் மெக்சிகோவின் கரையிற் குதிரைகளை இறக்கினார். அங்கு வாழ்ந்த மக்கள் அதற்குமுன் அவற்றைக் கண்டறியார். அம்மண்ணுக்கோ அவை பழங்குடிகளே.