காலணி லேபிள்: சட்டம் சொல்வதும் சொல்லாததும்

நாட்றாம்பாளையத்திலிருந்து பஸ் ஏறி ஓசூர் கடைவீதிக்குப் போய் ஷூ வாங்குகிறோம். "சுத்தமான லெதர் பாய்" என்கிறார் கடைக்காரர். மேல்பாகம் தோலாகவே இருக்கலாம். உள்ளே ஒட்டியிருப்பது எது, சோல் எதனால் ஆனது என்று நாம் கேட்பதில்லை. தொழுகையாளிக்கு அந்தக் கேள்வி முக்கியமானது.

ஐரோப்பிய விதி

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் ஷூக்களில் சிறு படங்கள் கொண்ட லேபிள் இருக்கும். 1994-இல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த 94/11 என்ற உத்தரவு அதைக் கட்டாயமாக்கியது. 1996 மார்ச் முதல் அது நடைமுறையில் உள்ளது.

மேல்பாகம், உள்பக்க லைனிங்கும் உள்ளடியும், வெளி சோல் என மூன்று பாகங்களுக்கும் மூலப்பொருளைக் காட்ட வேண்டும். முதல் இரண்டில் பரப்பளவில் 80 சதவீதமும், சோலில் கனஅளவில் 80 சதவீதமும் எந்தப் பொருளோ, அதைக் குறிக்க வேண்டும். எந்தப் பொருளும் அந்த அளவை எட்டாவிட்டால் முக்கியமான இரண்டைக் குறிக்க வேண்டும்.

விரித்த தோலின் வடிவம் என்றால் தோல். அதற்குள் சாய்சதுரம் இருந்தால் மேற்பூச்சுப் பூசிய தோல். வலைப்பின்னல் என்றால் துணி. வெறும் சாய்சதுரம் என்றால் ரெக்சின், ரப்பர் போன்ற பிற பொருள்கள். ஜோடியில் ஒன்றிலாவது லேபிள் இருந்தாக வேண்டும்.

நம் நாட்டில்

2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை, புகார் தொடர்பு ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் எந்த நாட்டுப் பொருள் என்பதும் வேண்டும். 2024 ஆகஸ்ட் 1 முதல் பல வகைக் காலணிகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், சிறு நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. ஆனால் மூலப்பொருளைப் பாகம் பாகமாக எழுதும் கட்டாயம் அந்தப் பொட்டல விதிகளில் இல்லை.

லேபிள் சொல்லாதது

ஐரோப்பிய லேபிளும் 'தோல்' என்பதோடு நின்றுவிடுகிறது. மாடா, ஆடா, பன்றியா என்று சொல்ல வேண்டியதில்லை. லைனிங்குக்குப் பன்றித் தோல் பயன்படுவதுண்டு. பதனிட்டாலும் அது சுத்தமாகாது என்பதே ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபுகளின் தீர்ப்பு.

பன்றித் தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாக, முக்கோணமாகத் தெரியும். அச்சுப் பதித்த தோலிலும் ஸ்வீட் தோலிலும் இது மறைந்துவிடலாம். ஆகவே தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்பதே உறுதியான வழி. அதே நேரம், வெறும் சந்தேகத்தால் ஒரு பொருள் நஜிஸ் ஆகிவிடாது என்பதும் ஃபிக்ஹின் விதி. வீண் வஸ்வாஸ் வேண்டாம்.

பில் வாங்குங்கள். 'லெதர்' என்று சொல்லி ரெக்சினைத் தந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஐ.எஸ்.ஐ. உரிம எண் உண்மையா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் பார்க்கலாம். கடை வைத்திருக்கும் சகோதரர்கள், தாம் விற்கும் ஷூவின் மூன்று பாகங்களும் எதனால் ஆனவை என்பதைக் கேட்டுத் தெரிந்து, மறைக்காமல் சொல்லட்டும். அந்த வியாபாரத்தில்தான் பரக்கத் இருக்கிறது.