அபின் குத்தகை

1988-இல் வந்த ஆஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடர் 'டாடா இஸ் டெத்'. டாடா என்றால் மலாயில் போதைப்பொருள். 1983 நவம்பரில் பினாங்கில் ஹெராயினோடு பிடிபட்ட கெவின் பார்லோ, பிரையன் சேம்பர்ஸ் இருவரின் உண்மைக் கதை. 1986 ஜூலை 7 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் மலேசியாவில் தூக்குக்குப் போன முதல் வெள்ளைக்காரர்கள் அவர்கள்தான். பார்லோவின் அம்மாவாக நடித்தவர் ஜூலி கிறிஸ்டி.

இந்த வழக்கால் பினாங்கின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. ஆனால் இந்தச் சரக்கோடு அந்த ஊருக்கு இருநூறு வருஷப் பழக்கம்.

1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைப் பிடித்தார். சுங்கம் கிடையாது, வாருங்கள் என்று கப்பல்களைக் கூப்பிட்டார்கள். சரி, அப்படியென்றால் போலீசுக்கும் ரோட்டுக்கும் காசு எங்கிருந்து வரும்? குத்தகையிலிருந்துதான். அபின், சாராயம், சூதாட்டம் என்று ஒவ்வொன்றையும் ஏலம் விட்டார்கள். பெரிய மீன் அபின். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் கம்பெனி ஆலைகளில் உருண்டை பிடித்து, கல்கத்தாவில் ஏலம் போய், கப்பலேறி வந்த கச்சா அபினைக் காய்ச்சிச் 'சண்டு' ஆக்கி விற்கும் உரிமை அது. எடுத்தவர்கள் சீன முதலாளிகள். புகைத்தவர்கள் அவர்களுக்குக் கீழே மூட்டை சுமந்தவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், ஈயச் சுரங்கத்தில் மண் வெட்டியவர்கள். குழாயில் மிஞ்சிய கரியைக்கூட விடவில்லை. சுரண்டி, மறுபடி காய்ச்சி, இன்னும் ஏழையாக இருந்தவனுக்கு விற்றார்கள். நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்க வருமானத்தில் பல வருஷங்கள் ஏறக்குறைய பாதி இந்தப் புகையிலிருந்துதான் வந்தது.

கடத்தல் அப்போதும் இருந்தது. குத்தகைக்காரரிடம் வாங்காத சண்டு உங்கள் மடியில் இருந்தால் நீங்கள் கடத்தல்காரர். அவருடைய ஆட்களே வீடு புகுந்து சோதனை போட்டார்கள். அவருக்குச் சேர வேண்டிய காசு சேரவில்லை என்பதுதான் குற்றம். 1910-இல் குத்தகை முறையை ஒழித்து, காய்ச்சுவதையும் விற்பதையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் முழுத் தடை.

நம்ம ஆளுக்கு அபின் அல்ல, கள்ளு. பினாங்குக்கு எதிர்க்கரையில், வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகள் போனார்கள். பிற்பாடு ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை நிலையான சங்கதி ஆனது. வாங்கிய சம்பளத்தில் ஒரு பங்கு அங்கேயே திரும்பிப் போனது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு என்பது. 'குடிகாரக் கூலி' என்று எழுதிவைத்த வரலாற்றாசிரியர்கள் இந்தக் கோரிக்கையையும் கொஞ்சம் படித்திருக்கலாம்.

பிறகு சட்டம் தலைகீழானது. 1952-இன் அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தில் 39பி பிரிவு வந்தது. 1983 முதல் கடத்தலுக்குக் கட்டாய மரணம். 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானம். அந்தக் 'கட்டாயம்' நீங்கியது 2023 ஜூலையில்தான். இதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தமிழர்கள் கையில் தொழிலில்லாமல் நகரத்து ஓரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வாழ்க்கையைப் பார்க்க, சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' (2015) இருக்கிறது. வறுமையும் குண்டர் கும்பலும் ஒரு பையனைச் சுற்றி எப்படி இறுக்குகின்றன என்று நம்ம மொழியிலேயே சொன்ன படம்.

அண்டை நாடான சிங்கப்பூரிலும் இதே கதைதான். ஈப்போக்காரர் நாகேந்திரன் தர்மலிங்கம் 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்தது 42.72 கிராம் ஹெராயின். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று பரிசோதனை சொன்னது. நீதிமன்றம் அதற்காகத் தண்டனையைக் குறைக்கவில்லை. கடைசி மனுவோடு வந்தவர் அவர் அம்மா. 2022 ஏப்ரல் 26 அன்று அது தள்ளுபடியானது. கைதிக் கூண்டுக் கண்ணாடியில் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அதன் வழியே மகன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா அழுதார். மறுநாள் விடியற்காலை சாங்கியில் தூக்கு.